கட்சி மாறிப் புள்ளடி இடலாமா? சனாதிபதித் தேர்தல் பற்றி வன்னி வாக்காளர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த வேட்பாளருக்காகவும் எழுதப்பட்டதல்ல. ஒவ்வொரு சனாதிபதித் தேர்தலிலும், வழமையாகத் தாம் ஆதரிக்கும் கட்சி காட்டிய திசையில் போவதா, அதை விட்டு வேறொருவருக்கு வாக்களிப்பதா என்று தடுமாறும் வாக்காளர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாறுவது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வதைவிட, மாறினால் வாக்குச்சீட்டுக்கு என்ன நடக்கும், மாறாவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்கோடு சொல்வதே பயன் தரும் என்பது எழுதுபவரின் எண்ணம்.

கேள்வி: கட்சி மாறி வாக்களிப்பது என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் கட்சிதான் சனாதிபதித் தேர்தலில் நிற்பதே இல்லையே.

சரியான கேள்வி. இலங்கைத் தமிழரசுக் கட்சி வீட்டுச் சின்னத்தில் ஒரு சனாதிபதி வேட்பாளரை இதுவரை நிறுத்தியதில்லை. ஆகவே பாராளுமன்றத் தேர்தலில் வீட்டுக்கு வாக்களித்துப் பழகிய ஒருவர், சனாதிபதித் தேர்தலில் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி இட்டாலும் ஒருவகையில் மாறித்தான் வாக்களிக்கிறார். 2010இலும் 2015இலும் 2019இலும் அவருக்குக் காட்டப்பட்டது அன்னச் சின்னம். அந்த அன்னத்தில் வந்தவர்கள் முறையே ஓர் இராணுவத் தளபதி (சரத் பொன்சேகா), மகிந்த ராஜபக்சவின் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர் (மைத்திரிபால சிறிசேன), ரணசிங்க பிரேமதாசவின் மகன் (சஜித் பிரேமதாச).

இப்பக்கத்தில் மூன்று வகை மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறோம். கட்சி ஒருவரை ஆதரிக்கச் சொல்ல வேறொருவரைத் தெரிவது முதலாவது. தமிழ் வேட்பாளர் ஒருவர் நிற்கும்போது அவரை விட்டுத் தென்னிலங்கை வேட்பாளருக்கு வாக்களிப்பதும், அதன் மறுதலையும் இரண்டாவது. வேலைவாய்ப்போ வீட்டுத்திட்டமோ பெற்றுத்தந்த ஓர் அமைச்சரின் பின்னால் நெடுங்காலம் நின்றவர் அந்த அணியை விட்டு விலகுவது மூன்றாவது. வன்னியில் அதிகம் பேசப்படுவது முதலாவது. அதிகம் நடப்பது மூன்றாவதாகத்தான் இருக்க வேண்டும் என்பது எழுதுபவரின் ஊகம்.

கேள்வி: கிளிநொச்சியும் வன்னிதானே? பெறுபேறு வரும்போது ஏன் அது வன்னிக்குள் இல்லை?

ஊர்வழக்கில் வன்னி என்றால் கிளிநொச்சியும் அடங்கும். ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்களைக் கொண்டது. கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. கீழே வன்னிக்கெனத் தரப்படும் எண்கள் யாவும் அந்த மூன்று மாவட்டங்களுக்குரியவை. சனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்படுவதால் இந்தப் பிரிப்பு வெற்றி தோல்வியை மாற்றாது.

கேள்வி: கட்சி ஒரு முடிவு எடுத்தபின் நான் வேறு முடிவு எடுத்தால் அது இனத்துக்குச் செய்யும் துரோகமாகாதா?

2024 செப்டெம்பர் 1ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் மத்திய குழு வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவெடுத்தது. அப்போது களத்தில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன், அதே கட்சியின் மட்டக்களப்பு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். அவருக்காகப் பகிரங்கமாக நின்றவர்களில் கிளிநொச்சியைத் தளமாகக் கொண்ட சி. சிறீதரனும் ஒருவர். தமிழீழ விடுதலை இயக்கம், புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆகியவை சேர்ந்த கூட்டணி சங்கை ஆதரித்தது. கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலையே புறக்கணிக்கச் சொன்னது. ஒரே தேசியத்தின் பெயரால் மூன்று கட்டளைகள் வந்த நாளில், எந்தக் கட்டளையை மீறியவர் துரோகி என்று சொல்ல எவராலும் முடியாது.

கட்சியின் உறுப்பினர் ஒருவர் மேடையேறிக் கட்சி முடிவுக்கு எதிராகப் பேசினால், கட்சி அவரிடம் விளக்கம் கேட்கலாம். அது கட்சிக்குள் உள்ள ஒழுக்கம். வாக்காளர் எவரிடமும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். இந்த இரண்டையும் கலந்து பேசுபவர்கள், தம் கட்சியின் உள்வீட்டுச் சண்டையை வாக்காளரின் தலையில் கட்டுகிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: 1, 2, 3 என்று இடலாம் என்கிறார்கள். அந்த இலக்கங்கள் உண்மையில் எப்போது எண்ணப்படும்?

மாறி வாக்களிப்பதா என்ற கேள்விக்கு விடை தேடும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஆனால் தேர்தல் மேடைகளில் மிகக் குறைவாக விளக்கப்படுவதும் இதுவே.

மூன்று பேருக்கு மேல் போட்டியிட்டால் வாக்காளர் மூன்று தெரிவுகள் வரை அடையாளமிடலாம். முதல் எண்ணிக்கையில் 1 மட்டும் எண்ணப்படும். செல்லுபடியான வாக்குகளில் அரைப்பங்குக்கு மேல் ஒருவர் பெற்றால் அத்துடன் தேர்தல் முடிந்தது. எவருடைய 2ஐயும் யாரும் பார்க்க மாட்டார்கள். 1982 முதல் 2019 வரை எல்லாத் தேர்தல்களும் அப்படியே முடிந்தன.

எவரும் அரைப்பங்கைத் தாண்டாவிட்டால், முதலிரண்டு இடங்களில் வந்தவர்களைத் தவிர மற்ற அனைவரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 இட்ட சீட்டுகள் மட்டும் மறுபடி எடுக்கப்பட்டு, அவற்றில் உள்ள 2 எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால் அவருடைய கணக்கில் சேரும். அந்த 2 நீக்கப்பட்ட இன்னொருவருக்குப் போயிருந்தால் 3 பார்க்கப்படும். அதுவும் எஞ்சிய இருவருக்கும் இல்லையென்றால் அந்தச் சீட்டின் வேலை அத்துடன் முடிந்துவிடும்.

இதிலிருந்து விளங்குவது என்னவென்றால், முதலிரண்டு இடங்களுக்குள் வரக்கூடிய ஒருவருக்கு 1 இட்டவரின் 2ஐயும் 3ஐயும் எவரும் எண்ணப் போவதில்லை. அவர் அவற்றை இட்டாலும் ஒன்றுதான், இடாவிட்டாலும் ஒன்றுதான். மூன்றாம் நான்காம் இடத்துக்கு வரக்கூடியவருக்கு 1 இடுபவருக்கே இரண்டாம் தெரிவு உயிர் உள்ளதாகிறது.

கேள்வி: அப்படியென்றால் தமிழ் வேட்பாளருக்கு 1 இட்டு, தென்னிலங்கை வேட்பாளர் ஒருவருக்கு 2 இட்டால் இரண்டு பக்கமும் சரிதானே?

சட்டப்படி சரி. நடைமுறையில் எத்தனை பேர் அதைச் செய்தார்கள் என்பதை 2024இன் கணக்கில் பார்க்கலாம், ஏனெனில் இரண்டாம் எண்ணிக்கை வரை சென்ற முதலாவது சனாதிபதித் தேர்தல் அதுவே.

38 பேர் போட்டியிட்ட அத்தேர்தலின் முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளையும் (42.31 சதவீதம்), சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளையும் (32.76 சதவீதம்) பெற்றனர். எவரும் அரைப்பங்கைத் தாண்டவில்லை. ரணில் விக்கிரமசிங்க, நாமல் ராஜபக்ச, அரியநேத்திரன் உட்பட மற்ற அனைவரும் நீக்கப்பட்டார்கள். அவர்கள் அனைவரும் சேர்ந்து பெற்றிருந்த வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். இவ்வளவு சீட்டுகளிலும் 2ஐயும் 3ஐயும் தேடிப் பார்த்தபின் அநுரவின் கணக்கில் 1,05,264 வாக்குகளும் சஜித்தின் கணக்கில் 1,67,867 வாக்குகளும் மட்டுமே சேர்ந்தன. 33 இலட்சத்தில் 3 இலட்சம்கூட இல்லை. நீக்கப்பட்டவர்களுக்கு வாக்களித்தவர்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே தம் வாக்கை இறுதிப் போட்டி வரை கொண்டு சென்றிருக்கிறார்கள்.

வன்னியில் அவ்வாறு நீக்கப்பட்ட இருவர் பெற்ற வாக்குகள் சிறியவையல்ல. ரணில் ஏறத்தாழ 52 ஆயிரத்து 500 வாக்குகளும் அரியநேத்திரன் ஏறத்தாழ 36 ஆயிரம் வாக்குகளும் பெற்றிருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு நாற்பது. அவர்களில் பலர் 1 மட்டும் இட்டு வெளியே வந்தவர்கள் என்று நாடளாவிய கணக்கை வைத்து எண்ணலாம்.

ஆகவே தமிழ் வேட்பாளருக்கு முதல் வாக்கை இடும் ஒருவர், தென்னிலங்கையில் யார் வருவதைத் தாம் குறைந்தளவிலேனும் விரும்புகிறார் அல்லது எவர் வருவதை அஞ்சுகிறார் என்பதைத் தீர்மானித்து 2 இடாவிட்டால், இரண்டாம் கட்டத்தில் அவர் வாக்களிக்கவே போகாதவருக்குச் சமம். வேண்டுமென்றே அப்படி நிற்பவர்களும் உண்டு. 'எவரும் எனக்கு ஒன்றுதான்' என்பது ஓர் அரசியல் நிலைப்பாடுதான். அதைத் தெரிந்து எடுப்பது வேறு, படிவம் விளங்காமல் அதில் போய் விழுவது வேறு.

கேள்வி: வெல்லமாட்டார் என்று தெரிந்தவருக்கு வாக்களிப்பது வீண்தானே?

1982இல் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டபோது அவர் சனாதிபதியாவார் என்று எவரும் நம்பவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் அவரை முதலிடத்தில் வைத்தது. அதே தேர்தலில் வன்னி ஜே. ஆர். ஜயவர்தனவை முதலிடத்திலும் ஹெக்டர் கொப்பேகடுவவை இரண்டாமிடத்திலும் வைத்து, குமார் பொன்னம்பலத்தை மூன்றாமிடத்துக்குத் தள்ளியது. தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்ற தேர்தல் அது. யாழ்ப்பாணம் நினைப்பதை வன்னி அப்படியே திருப்பிச் சொல்லும் என்ற எண்ணம் எவ்வளவு பழையதோ, அது பொய்த்துப்போவதும் அவ்வளவு பழையது. 2024இலும் யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கும் அரியநேத்திரனுக்கும் இடையே ஐயாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளே இடைவெளி. வன்னியில் சஜித் ஏறத்தாழ 44 சதவீதத்துடன் முதலிடம், அரியநேத்திரன் மூன்றாமிடம்.

வெல்லாதவருக்கான வாக்கு ஒரு செய்தி. அந்தச் செய்தியை வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கிறார்களா என்பதே பார்க்க வேண்டியது. 2024இல் அரியநேத்திரன் முழுநாட்டிலும் பெற்ற 1.70 சதவீதம் என்ற எண்ணைக் கொழும்பு எப்படி வாசித்தது என்பதில் சங்கை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. செய்தியாக வாக்களிப்பவர், செய்தி மௌனத்தில் முடியும் வாய்ப்பையும் ஏற்றுக்கொண்டே வாக்களிக்க வேண்டும். அதற்கு அவர் இடும் 2 ஓரளவு ஈடுசெய்யும்.

கேள்வி: எவருக்கும் வாக்களிக்காமல் விடுவது இதைவிடக் கௌரவமான வழியில்லையா?

2005 நவம்பர் 17ஐ வன்னியில் மறந்தவர் இல்லை. தமிழர் இத்தேர்தலில் அக்கறை காட்டத் தேவையில்லை என்ற நிலைப்பாட்டை விடுதலைப் புலிகள் எடுத்திருந்தார்கள். அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்படவில்லை. அங்கிருந்தவர்கள் வாக்களிக்க வேண்டுமானால் அரச கட்டுப்பாட்டுப் பக்கம் வரவேண்டியிருந்தது. வரவில்லை. சிலர் உடன்பட்டு வரவில்லை, சிலர் அச்சத்தில் வரவில்லை. எவ்வளவு பேர் எந்தக் காரணத்தால் என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 சதவீதம், வன்னியில் 34 சதவீதம்.

மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்துடன் வென்றார். ரணிலுடனான இடைவெளி 1,80,786. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அரைப்பங்கைத் தாண்டி அவரிடம் மிஞ்சியிருந்தவை 29 ஆயிரம் வாக்குகளுக்கும் குறைவு. வேறு எவருக்காவது இன்னும் 58 ஆயிரம் பேர் வாக்களித்திருந்தால், முதல் எண்ணிக்கையில் முடிவு வந்திருக்காது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மட்டும் வாக்களிக்காமல் இருந்தவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல்.

அடுத்த நான்காண்டுகளில் நடந்தவற்றுக்கு அந்த ஒரு நாளைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ரணில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவரும் அறிய மாட்டார். புறக்கணிப்பு எவர் பக்கமும் சாராத செயல் என்பது மட்டும் உண்மையல்ல. போட்டி நெருக்கமாக இருக்கும்போது வராமல் விட்ட வாக்கும் ஒரு வேட்பாளரின் கணக்கில் போய்ச் சேருகிறது.

கேள்வி: 2010இல் போரை நடத்திய தளபதிக்கே எங்கள் ஐயா வாக்களித்தார். அதை எப்படி விளங்கிக்கொள்வது?

2010 சனவரி 26 அன்று வன்னியில் வாக்களித்தவர்கள் 40 சதவீதத்தளவில். போரில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்டிருந்த மனிக் பாம் முகாம் அப்போதும் மூடப்படவில்லை. பலருக்கு ஆள் அடையாள அட்டை முள்ளிவாய்க்காலோடு போயிருந்தது. அப்படி இருந்தும் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சரத் பொன்சேகாவுக்கு வாக்களித்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. அதற்காக அது வாங்கிய ஏச்சும் குறைவல்ல.

அது பொன்சேகாவுக்கான வாக்கன்று. போரை ஆணையிட்டவரும் களத்தில் நடத்தியவரும் மட்டுமே வெல்லக்கூடியவர்களாக நின்றபோது, ஆட்சியில் இருந்தவரை இறக்குவதற்காக மற்றவரின் சின்னத்தைத் தொட்டவர்களின் வாக்கு அது. இதைச் செய்ய முடியாமல் வீட்டில் இருந்தவர்களையும் குறைசொல்ல இயலாது. உங்கள் ஐயாவிடம் கேட்டால், விரலில் பூசிய மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே 'ஆரை அனுப்பவேணும் எண்டுதான் போனனான், ஆரைக் கொண்டுவரவேணும் எண்டு போகேல்லை' என்பது போல ஏதாவது சொல்லக்கூடும். வாக்கின் பொருளை அது சென்ற சின்னத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: எங்கள் வாக்கால் முடிவு மாறிய தேர்தல் ஒன்றாவது உண்டா?

முதல் எண்ணிக்கையிலேயே முடிவு வரச் செய்தது என்ற அளவில் உண்டு, 2015. மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதம் பெற்றார். மகிந்தவுடனான இடைவெளி 4,49,072. யாழ்ப்பாணத்தில் அவர் பெற்றவை 2,53,574, வன்னியில் 1,41,417. இந்த இரண்டு மாவட்டங்களிலும் அவருக்கு வாக்களித்தவர்கள் அன்று வீட்டில் இருந்திருந்தால், அவர் மகிந்தவைவிட ஐம்பத்து நான்காயிரம் வாக்குகள் முன்னால் நின்றிருப்பார். ஆனால் அரைப்பங்கைத் தாண்டியிருக்க மாட்டார். கிழக்கையும் மலையகத்தையும் இதில் சேர்க்கவில்லை.

அதனால் கிடைத்தது என்ன என்று கேட்பது அடுத்த கேள்வியாகும். 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகச் சட்டம் வந்தது. 2017இன் தொடக்கத்திலேயே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தெருவோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவ்வாண்டே பிலக்குடியிருப்பு மக்கள் வீதியில் கிடந்து படையினர் வசமிருந்த கேப்பாப்புலவுக் காணியின் ஒரு பகுதியை மீட்டார்கள். மூச்சுவிடப் பயமில்லாத காலம் என்று அதைச் சொல்பவர்களும் உள்ளனர், ஏமாற்றிய காலம் என்பவர்களும் உள்ளனர். இருவர் சொல்வதும் உண்மை. போராட முடிந்ததே அந்த வாக்கின் பலன். போராட வேண்டியிருந்ததே அதன் எல்லை.

கேள்வி: வேட்பாளரை எதை வைத்து எடைபோடுவது? எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்.

சனாதிபதி தாமே செய்யக்கூடியது எது, பாராளுமன்றம் இல்லாமல் செய்ய முடியாதது எது என்று பிரித்துப் பாருங்கள். புதிய அரசியலமைப்பு, அதிகாரப் பகிர்வு ஆகியவற்றுக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும். அவற்றைத் தருவதாக மேடையில் வாக்குறுதி கொடுப்பவரின் சொல்லுக்கு அளவான மதிப்பே கொடுக்கலாம். நிறைவேற்று சனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதியே 1994 முதல் நாட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் படைகளின் பிரதம தளபதி சனாதிபதி. மாகாண ஆளுநரை நியமிப்பவர் அவர். முள்ளிக்குளத்தில் கடற்படை இருக்கும் காணி, குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் தொல்லியல் திணைக்களமும் பொலிசாரும் நடந்துகொள்ளும் விதம், வனத் திணைக்களம் கல்லுப்போட்டு மறிக்கும் வயல் நிலம் ஆகியவற்றில் அவருடைய ஒரு பணிப்பு ஒரு மாதத்தில் வேறுபாட்டைக் காட்டும். இத்தகையவற்றைப் பற்றி வேட்பாளர் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பேசுகிறாரா, 'வடக்கு மக்களின் பிரச்சினைகள்' என்று பொதுவாகக் கடந்து போகிறாரா என்று கேளுங்கள்.

ஒரே முடிவு வன்னியின் ஒவ்வொரு வளவுக்குள்ளும் எப்படி வந்து இறங்கும் என்பதற்கு 2021 நல்ல சாட்சி. கோத்தபாய ராஜபக்ச இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தார். அவ்வாண்டுக் காலபோகத்தில் வவுனிக்குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் கட்டுக்கரைக் குளத்தின் கீழும் விதைத்தவர்கள், பயிர் மஞ்சளாகி நிற்பதைப் பார்த்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தார்கள். யூரியா கள்ளச் சந்தையில் மட்டுமே கிடைத்தது. 2019இல் கோத்தபாயவுக்கு வாக்களித்தவரின் வயலும் சஜித்துக்கு வாக்களித்த 82 சதவீதத்தினரின் வயலும் ஒரே நிறத்தில்தான் நின்றன. கடற்கரை ஊர்களில் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றியும், கொக்கிளாய், நாயாறு பக்கம் பருவத்துக்கு வந்து தங்கும் தென்பகுதி மீனவரைப் பற்றியும் இதே அளவுகோலை வைத்துக் கேட்கலாம்.

கேள்வி: வன்னியில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விதானா?

கேள்வி ஒன்று, பின்னணி வேறு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் வாக்காளர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். 2019இல் அவர்களை ஏற்றிவந்த பேருந்துகள்மீது வழியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, உயிர்ச்சேதம் இல்லை. அவர்களுக்கு வாக்களிப்பதே ஒரு பயணம். 2014 டிசம்பரில் ரிஷாட் பதியுதீனின் கட்சி மகிந்தவை விட்டு மைத்திரி பக்கம் மாறியபோது, அக்கட்சியின் ஆதரவாளர்கள் பலர் தலைவர் மாறுமுன்பே மனத்தால் மாறியிருந்தார்கள் என்பது அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது.

1958, 1977 வன்செயல்களின்பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகத் தமிழர்களின் நிலை வேறு. காணி உறுதியும் வேலையும் அவர்களுக்கு முதற்கேள்விகள். தமிழ்த் தேசியக் கட்சிகள் தங்களைத் தேர்தலுக்கு மட்டும் தேடி வருவதாக அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர்கள் தென்னிலங்கைக் கட்சி ஒன்றுக்கு வாக்களித்தால் அதை மாறுதல் என்று மற்றவர்கள் அழைப்பதே சரியன்று.

வவுனியா தெற்குச் சிங்கள வாக்காளர்களும் ஒரே கல்லல்ல. மொட்டிலிருந்து (ராஜபக்சக்களின் கட்சிச் சின்னம்) திசைகாட்டிக்கு (அநுரவின் சின்னம்) மாறிய நாட்டின் போக்கு அங்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் வன்னியின் பெறுபேறு மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று தொகுதிகளாக மட்டுமே வெளியாவதால், இன்ன ஊரார் இன்னாருக்கு வாக்களித்தார்கள் என்று எண் காட்டி எவரும் சொல்ல முடியாது.

கேள்வி: வேலை எடுத்துத் தந்தவர் ஒருவருக்கு வாக்களிக்கச் சொல்கிறார். மாறினால் அவருக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. நீங்கள் வாக்களிக்க வந்தீர்கள் என்பதை வாக்களிப்பு நிலையத்தில் இருக்கும் கட்சி முகவர்கள் தம் இடாப்பில் குறித்துக்கொள்ள முடியும். எவருக்கு வாக்களித்தீர்கள் என்பதை அறிய அவர்களுக்கு வழி இல்லை. பெட்டிகள் எண்ணும் நிலையத்துக்குச் சென்று, ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களின் சீட்டுகள் சேர்த்தே எண்ணப்படுகின்றன. சீட்டைப் படம் பிடித்து அனுப்பு என்று எவராவது கேட்டால், வாக்களிப்பு நிலையத்துக்குள் கைத்தொலைபேசியில் படம் எடுப்பது தடை என்று சொல்லிவிடுங்கள். அதுவே உண்மையும் ஆகும்.

வேலை எடுத்துத் தந்தவருக்கு நன்றிக்கடன் உண்டு. அதை அவருடைய வீட்டு நன்மை தீமைகளில் தீர்க்கலாம்.

கேள்வி: வீட்டுக்குள் நான்கு பேரும் நான்கு பக்கம் நிற்கிறோம். ஒரே முடிவுக்கு வர வேண்டுமா?

வேண்டியதில்லை.

கேள்வி: வாக்குச்சீட்டில் எப்படி அடையாளமிட்டால் நிராகரிக்கப்படாது?

2019இல் 35 பேரும் 2024இல் 38 பேரும் போட்டியிட்டதால் சீட்டு இரண்டு அடிக்கும் மேல் நீண்டது. மட்டைத் தடுப்புக்குள் அதை விரிக்கவே இடம் போதாது. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த வயதானவர்கள் சின்னத்தைத் தேடி விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போவார்கள். முதலிலேயே உங்களுக்கு வேண்டிய சின்னம் எந்தச் சின்னத்துக்கு மேலே, எதற்குக் கீழே வருகிறது என்று மாதிரிச் சீட்டில் பார்த்துக்கொண்டு செல்லுங்கள்.

ஒருவருக்கு மட்டும் என்றால் 1 இடலாம். புள்ளடி ஒன்று மட்டும் இட்டாலும் ஏற்கப்படும். இரண்டாம் மூன்றாம் தெரிவுகளும் இடப்போகிறவர் இலக்கங்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கக் கூடாது. 1 இல்லாமல் 2ஐயோ 3ஐயோ மட்டும் இட்டால் சீட்டு செல்லாது. இரண்டு பேருக்குப் புள்ளடி இட்டாலும் செல்லாது. பெயரோ கையொப்பமோ வசையோ எழுத வேண்டாம். 2024இல் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 3 இலட்சம் சீட்டுகள். அரியநேத்திரன் நாடு முழுவதும் பெற்றதைவிட அது அதிகம்.

கேள்வி: சனாதிபதித் தேர்தலில் மாறி வாக்களித்தவர் பாராளுமன்றத் தேர்தலில் பழைய கட்சிக்குத் திரும்பினால் அது நேர்மையா?

நேர்மைதான்; இரண்டும் வேறு கேள்விக்கான விடைகள். உண்மையில் 2024இல் வன்னியில் நடந்தது அதற்கு எதிர்மாறானது. செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க இங்கே நான்காமிடத்தில் 21 ஆயிரம் வாக்குகளளவில் பெற்றார். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 39 ஆயிரத்துக்கும் மேல் பெற்று மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்து, ஆறு ஆசனங்களில் இரண்டை எடுத்தது. தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, ஐக்கிய மக்கள் சக்தி, தொழிற் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. சனாதிபதித் தேர்தலில் தயங்கியவர்கள், வென்றவர் எவர் என்று தெரிந்தபின் பாராளுமன்றத் தேர்தலில் மாறியிருக்கிறார்கள். வெல்லும் பக்கம் சாய்ந்தார்கள் என்று இதைச் சொல்லலாம். பழைய முகங்களில் வெறுப்படைந்தார்கள் என்றும் சொல்லலாம். தமிழ்க் கட்சிகள் தமக்குள் பிரிந்து நின்றதால் வாக்கு சிதறியது என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

கேள்வி: கட்சி கடைசி நேரத்தில்தான் முடிவைச் சொல்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டுமா?

2014 டிசம்பர் 30ஆம் திகதிதான் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மைத்திரியை ஆதரிப்பதாக அறிவித்தது. வாக்களிப்பு சனவரி 8இல். 2024இல் தமிழரசுக் கட்சியின் முடிவு செப்டெம்பர் 1இல் வந்தது. தபால்மூல வாக்களிப்பு 4ஆம் திகதி தொடங்கிவிட்டது. ஆசிரியர்களும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் மருத்துவமனை ஊழியர்களும் பொது வாக்காளருக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே புள்ளடி இடுபவர்கள். கட்சியின் முடிவையும் அதற்கான விளக்கத்தையும் கேட்டு ஆராய அவர்களுக்குச் சில நாள்கள் மட்டுமே கிடைத்தன. தபால்மூலம் வாக்களிப்பவர்கள் கட்சியை எதிர்பார்க்காமல், வேட்பாளர்களின் தேர்தல் விஞ்ஞாபனங்கள் தமிழில் வெளியானவுடனே அவற்றை எடுத்து, காணி, படை, ஆளுநர், மாகாண சபைத் தேர்தல் ஆகிய பகுதிகளை மட்டுமாவது வாசித்து 1ஐயும் 2ஐயும் தீர்மானித்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பிரதி வெளியிடாத வேட்பாளரைப் பற்றி அதற்குமேல் வாசிக்கத் தேவையில்லை.